மூன்றே முக்கால் மணி ஓட்டம்

றவூப்பின் விளையாட்டுக் கடைக்குள் இராஜரத்தினம் அதற்கு முன் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. கண்டி திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், தையற்கடைக்கும் மணிக்கூடு திருத்தும் கடைக்கும் நடுவில், எட்டுக் கணினிகளும் பதினாறு கதிரைகளுமாக இருந்தது அது. அந்த வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போவார். முப்பத்துநான்கு ஆண்டுகள் தபாற்சேவையில் இருந்து, கம்பளையில் தபாலதிபராக ஓய்வுபெற்ற மனிதர். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்த தம் ஒரே மகன், வேலை கிடைக்கும்வரை பொழுதைக் கழிக்க இப்படியொரு பொந்தையா தேடிக்கொண்டான் என்று வீட்டில் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். மகன் விவேகானந்தன் பதின்மூன்று நாளாகப் பொலிஸ் காவலில் இருந்தான். அவனை மீட்பதற்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் பொந்துக்குள்தான் இருந்தது.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு யூலை எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரைக்குக் கண்டியிலிருந்து கம்பளைக்குப் புறப்பட்ட பேருந்தின் பின்னாசனத்தின் கீழே ஒரு பொதி கிடந்தது. அது வெடிக்கவில்லை, ஆனால் வெடிக்கக்கூடியதாக இருந்தது. நீலப் பையுடன் வந்த தமிழ் இளைஞன் ஒருவன் மூன்றே முக்காலுக்குக் கெட்டம்பேயில் இறங்கிப் போனான் என்று நடத்துநர் சொன்னார். அன்று மாலையே நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நீலப் பை வைத்திருந்த பதினொரு தமிழ் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்துப் பேருக்கு, அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இருந்தது. விவேகானந்தனுக்கு இல்லை. றவூப் நானாவின் கடையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன் என்று அவன் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலேயே கையொப்பமும் வாங்கிவிட்டார்கள்.

ஒரு மனிதன் தன் வாயால் சொன்னதை அவனால் வாசிக்க முடியாத எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே அவன் பெயரை வைக்கச் சொல்வது எந்த ஊர் நீதி? இந்தக் கேள்வியை இராஜரத்தினம் பொலிஸ் பொறுப்பதிகாரியிடமே கேட்டார். அவர் கோபிக்கவில்லை. "நீங்களும் அரசாங்க உத்தியோகத்தர்தானே ஐயா, உங்களுக்குத் தெரியாததா?" என்று சிங்களத்தில் சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பை விடக் கன்னத்தில் ஓர் அறை தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

சட்டத்தரணி செசிலியா ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை ஏதாவது ஒண்டு வேணும், ஐயா. கண்ட ஆள், இல்லாட்டி ஒரு அத்தாட்சி. இல்லையெண்டால் பிள்ளையைத் தெற்குப் பக்கத்துத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிப்போடுவினம். அங்கை போனால் கணக்கு மாதத்திலை இல்லை, வருசத்திலை."

அதனாற்றான் திங்கட்கிழமை காலை அவர் அந்தக் கடையின் படியில் நின்றார்.

"வாங்க மாஸ்டர், வாங்க. இரிங்க," என்று றவூப் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான். பிறகு மாடிப் படிப்பக்கம் திரும்பி, "கைரியா! மாஸ்டருக்கு டீ ஒண்டு கொண்டு வாங்க மகள்," என்றான்.

றவூப்பைப் பார்க்கும்போதெல்லாம் இராஜரத்தினத்துக்கு அவன் தந்தை சாஹுல் ஹமீதின் நினைவு வரும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கம்பளையில் தபாலக விடுதிக்குத் தீ வைத்தபோது, இராஜரத்தினத்தையும் அவர் மனைவி பத்மாதேவியையும் தம் அரிசிக் களஞ்சியத்துக்குள் மூன்று நாள் மறைத்து வைத்தவர் சாஹுல் ஹமீது. கதவைத் தட்டியவர்களிடம், "உள்ளே அரிசிதான் இருக்கிறது, வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மனிதர். விவேகானந்தன் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தான். அந்த மூன்று நாளும் பாணும் சம்பலும் கொண்டு வந்து கொடுத்த இளைஞன்தான் இந்த றவூப். இன்று அவன் தாடியும் நரைத்துவிட்டது.

"அண்டைக்கு நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிட்டேன், மாஸ்டர். பாதி ஷட்டர் போட்டுட்டுப் போனேன். அப்ப ஒங்கட மகன் இரிந்தாரா இல்லையா எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலா. திரும்பி வரக்குள்ள யாரும் இல்ல. பொலிஸுக்கும் இதத்தான் செல்லினேன். பொய் செல்லி மாட்டிக்கிட்டா ஒங்கட மகனுக்குத்தான் கூடாது."

"உம்மை நான் குறை சொல்ல வரேல்லை, றவூப். அவன் விளையாடினது இந்தப் பெட்டிக்குள்ளை பதிஞ்சிருக்குமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

கைரியா தேநீரைக் கொண்டு வந்து வைத்தாள். இருபது வயதுப் பெண். முக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவங்க எப்பிடி இரிக்காங்க, அங்கிள்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். "இருக்கிறான், பிள்ளை," என்றார் அவர். அவள் அதற்கு மேல் நிற்கவில்லை.

றவூப் மூலையில் இருந்த கணினியைத் திறந்தான். திரையில் ஒரு சிறு மனிதன் கையில் தீப்பந்தத்துடன் ஓட ஆயத்தமாக நின்றான். பின்னணியில் மத்தளம் ஒன்று ஒலிக்கத் தொடங்கியது.

"இதுல ஒரே ஒரு சாவிதான், மாஸ்டர். ஆள் தானா ஓடுவான். பாயிறது மட்டும் நம்மட வேல. தட்டி விட்டா சின்னப் பாய்ச்சல். அமத்திப் பிடிச்சா பெரிய பாய்ச்சல். மத்தளத்தோட ஒத்துப் போகணும். ஒரு இமை தப்பினா பள்ளத்துல."

"ஒரே சாவியோ?"

"ஒரே சாவி."

"சின்னனும் பெரிசும் மட்டுமோ?"

"அவ்வளவுதான் மாஸ்டர். அதுலயே ஏழு நிமிஷம் ஓடணும். ஒருக்கா விழுந்தா திரும்ப முதல்ல இருந்து."

இராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். குற்றும் கோடும். இரண்டே இரண்டைக் கொண்டு பத்தொன்பது ஆண்டுகள் அவர் தந்தி அடித்திருக்கிறார். பிள்ளை பிறந்த சேதியையும் பிணம் வந்து சேரும் நேரத்தையும் அந்த இரண்டாற்றான் அனுப்பியிருக்கிறார். மகன் தம்மிடம் ஒரு நாளும் கேட்டுப் பழகாத அதே காரியத்தையா இந்தப் பொந்துக்குள் வந்து செய்துகொண்டிருந்தான்?

றவூப் பதிவுகளின் பட்டியலைத் திறந்தான். ஓட்டத்தை முழுமையாக முடித்தவர்களின் பெயர், திகதி, முடித்த நேரம். மொத்தம் முப்பத்தொரு வரிகள். முப்பத்தொன்றிலும் ஒரே பெயர்தான் இருந்தது: றவூப்.

"எல்லாம் நீர்தானோ?"

"அல்லாஹ்வே! எனக்கு மூணாவது பள்ளம் தாண்ட ஏலா, மாஸ்டர்." றவூப் சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பில் நிறைவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னுக்குப் பொலிஸ் வந்து, கொம்பியூட்டர்ல கிடந்த தமிழ்ப் பேர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பொடியன்மார வீட்டுக்குப் போய் விசாரிச்சும் இரிக்காங்க. அதுல இருந்து தமிழ்ப் பொடியன்மார் எல்லாம் என்ட பேரத்தான் அடிப்பாங்க. நாந்தான் அப்பிடிச் செய்யச் சொன்னது. பொறகு சோனகப் பொடியன்மாரும் சிங்களப் பொடியன்மாரும் பகிடிக்கு அதையே அடிக்கத் தொடங்கிட்டாங்க. இப்ப கண்டியிலயே பெரிய சேம்பியன் நாந்தான்."

யூலை எட்டு, பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. அந்த வரி பட்டியலின் நடுவில் இருந்தது. ஏழு நிமிட ஓட்டம். ஆகவே மூன்று நாற்பத்தைந்துக்குத் தொடங்கியிருக்கிறது. நடத்துநர் சொன்ன அதே மூன்றே முக்கால். நேரம் இருந்தது, திகதி இருந்தது, ஓட்டம் முழுவதும் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் றவூப். இந்த நாட்டில் ஒருவன் தன் பெயரைத் தானே எழுதிவைக்கப் பயந்தான் என்பதற்காக, அவன் அங்கே இருக்கவேயில்லை என்று ஆகிவிட்டது.

"இத ஓட விட்டுப் பார்க்கலாம் மாஸ்டர். நிழல் எண்டு செல்லுவாங்க. அவன் பாஞ்ச மாதிரியே பாயும். ஆனா பாஞ்சது ஒங்கட மகன்தான் எண்டு யார் செல்லுற?"

"நான் சொல்லுவன்," என்றார் இராஜரத்தினம்.

அது வீம்பில்லை. தந்தி அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: மறுமுனையில் இருப்பவர் பெயரைச் சொல்லவேண்டியதில்லை; கையே சொல்லிவிடும். ஹற்றனில் இருந்த அழகரின் கை கோடுகளை இழுக்காமல் அறுத்துக்கொண்டு போகும். மாத்தளைத் தபாலகத்துக் கை ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நின்று மூச்சு வாங்கும். ஒரு சேதியின் நடுவில் சாவி வேறொருவரிடம் மாறினால், கைலாகு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை மாறிவிட்டதுபோலத் தெரியும். இந்த விளையாட்டிலும் அப்படித்தானே இருக்கவேண்டும்?

அன்று முழுவதும் இருந்து பார்த்தார். மறுநாளும் வந்தார். பொடியன்கள் முதலில் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். "தாத்தாவும் சேர்ந்திட்டார்டா" என்றான் ஒருவன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஏனென்றால், ஒரு நிழலை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இதுவும் முந்தி ஓடின அதுவும் ஒரே ஆள்" என்று அவர் சொன்னால் அது ஒரு தடவையும் தவறவில்லை. சிலர் மத்தளத்தைக் கேட்காமல் கண்ணை நம்பி ஓடினார்கள்; பள்ளத்தின் விளிம்புவரை போய்க் கடைசி நொடியில் பாய்ந்து, மறுகரையில் குதிக்கால் தட்டத் தட்ட இறங்கினார்கள். சிலர் அடியைக் கேட்ட பிறகே அழுத்தினார்கள். அவர்கள் நெடும் பாய்ச்சல்களில் தப்பி, அடுத்தடுத்து வரும் சிறு பாய்ச்சல்களில் திணறினார்கள். ஒரு சிலர் மட்டும் அடி விழும் அதே கணத்தில், கூடாமல் குறையாமல், அதன் தலையிலேயே கால் வைத்தார்கள்.

விவேகானந்தனின் ஓட்டம் ஒன்றை றவூப் நன்றாக நினைவில் வைத்திருந்தான். வெசாக் விடுமுறையன்று, கடை நிறையப் பொடியன்கள் கூடிநின்று கைதட்ட ஓடிய ஓட்டம். அதைப் போட்டுக் காட்டினான். மத்தளம் அடிப்பதற்கு ஒரு மயிரிழை முந்தியே அவன் பாய்ந்தான். அடி விழும்போது அவன் காற்றில் இருந்தான். இரண்டு சிறு பாய்ச்சல்கள் சேர்ந்து வந்தால் அவற்றை அவசரமாக ஒட்டிவிடுவான். அதற்குப் பிறகு நெடும் பாய்ச்சல் வந்தால், அதற்கு முன் ஒரு சிறு தயக்கம். யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

இராஜரத்தினத்தின் விரல் மேசையில் தானாகத் தட்டியது. எழுபத்தோராம் ஆண்டு, கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து அவருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது: இரு குற்றுகளை ஒட்டி அடிக்கிறீர், அதன்பின் கோட்டுக்குத் தாமதிக்கிறீர், திருத்திக்கொள்ளவும். அவரால் அதைத் திருத்திக்கொள்ள முடிந்ததில்லை. அந்தப் பிழை அப்படியே, அவர் கற்றுக் கொடுக்காமலே, பிள்ளையின் விரலுக்குப் போயிருந்தது.

"இப்ப யூலை எட்டைப் போடும்," என்றார்.

நிழல் ஓடத் தொடங்கியது. முதற்பள்ளம். அடியின் தலையிலேயே கால். இரண்டாம் பள்ளம், மூன்றாம் பள்ளம், ஐந்து சிறு பாய்ச்சல்கள் கொண்ட படிக்கட்டு: எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அழகான கை. தெளிவான கை. ஆனால் அது தம் மகனின் கை அல்ல. அப்படியானால் அவன் இங்கே இருக்கவில்லையா? அப்படியானால் மூன்றே முக்காலுக்கு அவன் எங்கே இருந்தான்? அந்தக் கேள்வி தமக்குள் எழுந்ததே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்த பிறகு அதை அடக்கவும் முடியவில்லை.

நான்காவது நிமிட முடிவில் ஒரு தொங்குபாலம் வந்தது. பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் பாலம். அதற்கு முன்னால் சிறிது தூரம் வெறுந்தரை. அதில் எவரும் எதையும் அழுத்தவேண்டியதில்லை. ஆள் தானாக ஓடிப் போனான். பிறகு இரண்டு சிறு பாய்ச்சல்கள், அவசரமாக ஒட்டி. ஒரு மூச்சு. நெடும் பாய்ச்சல். அடி விழும்போது ஆள் காற்றில் இருந்தான்.

உள்ளங்கை மாறிவிட்டது.

கடைசி மூன்று நிமிடமும் விவேகானந்தன்தான். எழுந்து நின்று சத்தமிட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார், கேட்காமல் இருந்திருக்கலாம்.

"றவூப், இஞ்சை வாரும். இந்த முன்பாதியைப் பாரும். இப்பிடி அளவுகோல் வைச்ச மாதிரி ஓடுறது ஆர்?"

றவூப் குனிந்து பார்த்தான். பார்த்த உடனேயே முகம் மலர்ந்தது.

"இது எங்கட கைரியாட ஆட்டம், மாஸ்டர். சின்னத்துல ரபான் மேளம் அடிச்ச கை, தாளம் தப்பாது. பாலம் வந்தா மட்டும் பொத்தெண்டு விழுந்துருவா. நிக்காஹ் பேசின நாள்ல இருந்து கடைக்கு எறங்க வேணாம் எண்டு செல்லிட்டேன். இது எப்பயோ..."

அவன் பார்வை திரையின் மூலையில் இருந்த திகதிக்குப் போயிற்று. சொல் பாதியில் நின்றது. பக்கத்துக் கடையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. றவூப் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தான். இரண்டு தகப்பன்மார் ஒரே நேரத்தில் ஒரே விடயத்தை விளங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"பாதி ஷட்டர் போட்டுட்டுப் போனேன், மாஸ்டர்," என்றான் றவூப் கடைசியில். "பாதி ஷட்டருக்குள்ள என்ட மகளும் ஒரு பொடியனும்."

"அவையள் விளையாடத்தான் செய்திருக்கினம், றவூப்."

"எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும். மாப்பிள வீட்டாக்கள் அக்குறண, கட்டுப்பாடு கூடின குடும்பம். அடுத்த மாசம் நிக்காஹ். பொலிஸ் வாக்குமூலத்துல, கோட்டுல பேர் வந்தா..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேணாம் எண்டு நான் செல்ல மாட்டேன். ஒங்கட மகன்ட உசிர். செல்லுங்க எண்டும் என்னால செல்ல ஏலா. வாப்பா இரிந்தா என்ன செஞ்சிரிப்பார் எண்டு எனக்குத் தெரியும் மாஸ்டர். நான் வாப்பா இல்ல."

இராஜரத்தினம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை ஐந்து நிமிடம் மகனைப் பார்க்க விட்டார்கள். கம்பிவலைக்கு அப்பால் அவன் மெலிந்து நின்றான். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா எப்பிடி?"

"இருக்கிறா. நான் அந்த ஓட்டத்தைப் பாத்தனான்."

விவேகானந்தன் நிமிர்ந்தான். "வேலையில்லாதவன்ரை விளையாட்டெண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். இப்ப அதுக்குத் தண்டனை அனுபவிக்கிறன், விடு. நாலு நிமிசம் ஒரு கை. பிறகு மூண்டு நிமிசம் வேறை கை. நான் சொல்லுறது விளங்குதோ?"

பொலிஸ்காரரின் குச்சி பல்லில் நின்றது. விவேகானந்தன் தகப்பனின் கண்ணையே பார்த்தான்.

"ரண்டும் என்ரை கைதான், அப்பா. பாலத்துக்காக மாத்தி விளையாடினனான்."

"தம்பி..."

"ரண்டும் என்ரை கை. அப்பிடியே எழுதிக் குடுங்கோ. வேறை ஒண்டும் எழுத வேண்டாம்."

குண்டசாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவர் நின்றுகொண்டே போனார். வீட்டுக்குள் கால் வைக்கும்முன் பத்மாதேவி கேட்டாள்: "இஞ்சருங்கோ, ஆரும் கண்டவையாமோ? ஒரு ஆள் கூடவா இல்லை?" பதினைந்து நாளாக அவள் கேட்கும் கேள்வி அதுதான். "பாக்கிறன்," என்றார். அவரும் பதினைந்து நாளாகச் சொல்லும் பதில் அது.

வியாழக்கிழமை பத்மாதேவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கைரியா வந்தாள். தனியாக, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். கதிரையில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க எண்டு வாப்பாட முகத்துல தெரிஞ்சிச்சு, அங்கிள். நான் பாலத்துல விழுந்துக்கிட்டே இரிந்தேன். அவங்க பக்கத்துல நிண்டு சிரிச்சாங்க. 'பாலம் வந்தாச் சொல்லுங்க, நான் புடிக்கிறன்' எண்டாங்க. வந்த ஒடன சாவிய விட்டேன். அவங்க புடிச்சாங்க. அவ்வளவுதான். முடிச்ச ஒடன நான் மேல ஓடிட்டேன்."

"வாப்பாவுக்குத் தெரியுமோ, நீர் இஞ்சை வந்தது?"

"இல்ல. நான் வந்து செல்லுறேன், அங்கிள். எங்க வந்து செல்லணுமோ அங்க."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அரிசிக் களஞ்சியத்தின் வாசலில் ஒரு கதிரை. அதில் ஒரு கிழவர். அந்தக் கிழவரின் பேத்தியைச் சந்திக்கு இழுத்துத்தான் என் பிள்ளையை மீட்கவேண்டுமா? பிள்ளையே வேண்டாமென்கிறான். இப்படித்தான் அவர் எண்ணினார். தாம் எண்ணுவது மானமுள்ள மனிதனின் எண்ணம் என்பதில் அவருக்கு அந்த நேரத்தில் சிறிதும் ஐயமில்லை.

"பிள்ளை, உம்மடை பேர் எந்தக் கடதாசியிலும் வராது. நான் பொறுப்பு. நீர் பயப்பிடாமல் போம்."

"நான் கேக்க வந்தது அது இல்ல, அங்கிள்."

"தெரியும். போம், பிள்ளை. இருட்டுறதுக்கு முந்திப் போய்ச் சேரும்."

அவள் படலைவரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை, யூலை இருபத்தைந்தாம் திகதி, இராஜரத்தினம் சத்தியக்கடதாசியில் கையொப்பமிட்டார். தந்திச் சேவையில் பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ளவன் என்ற வகையிலும் தகப்பன் என்ற வகையிலும், மேற்படி ஓட்டம் தொடக்கம் முதல் முடிவுவரை என் மகனின் கையால் நிகழ்ந்தது எனச் சத்தியம் செய்கிறேன். ஊழிய காலம் முழுவதும் ஒருவருடைய சேதியில் ஓர் எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்த மனிதர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஐயா, இதிலை வேறை ஒண்டும் இல்லைத்தானே?" என்று செசிலியா கேட்டார்.

"இல்லை."

அந்தக் கடதாசியால் முகாமுக்கு அனுப்புவது தள்ளிப்போயிற்று. ஓகஸ்ட் பிற்பகுதியில் அதைப் பரிசீலிக்க விசாரணைக் குழு கூடியது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கணினி விடயத்துக்கென்று ஓர் இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். நிழலை ஒரு மடிக்கணினியில் ஓடவிட்டார்கள். தலைவர் பொறுமையானவர், சத்தியக்கடதாசியை ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"கையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறீர்கள்."

"முடியும்."

"அப்படியென்றால் கை மாறினாலும் தெரியவேண்டுமே?"

"தெரியும்."

"இதில் மாறவில்லை?"

"இல்லை."

இளம் உத்தியோகத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, என் தம்பியும் இதைத்தான் விளையாடுகிறான். பாலத்துக்கு முன்னால் விளையாடியது ஒருவர், பின்னால் விளையாடியது வேறொருவர். இந்த விளையாட்டைத் தெரிந்த எவரும் சொல்லுவார்கள்." பிறகு ஒவ்வொரு பாய்ச்சலின் நேரத்தையும் மத்தள அடியோடு ஒப்பிட்டு ஒரு தாளில் வரைந்து காட்டினார். முதல் நான்கு நிமிடப் புள்ளிகள் ஒரே கோட்டில். பிந்திய மூன்று நிமிடப் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு முன்னே.

தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இரண்டாவது ஆள் யார்? அவரை ஏன் மறைக்கிறீர்கள்?"

கைரியாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவர் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், தாம் கையொப்பமிட்டது பொய் என்று அதே வாயால் சொல்லவேண்டும். பொய்யன் கொண்டுவரும் சாட்சியை எவர் நம்புவார்? முதல் நாளிலேயே அவள் வந்து நின்றிருந்தால் அது சாட்சி. இன்று இழுத்துக்கொண்டு வந்தால் அது சோடிப்பு. இராஜரத்தினம் வாய் திறவாமல் நின்றார். தகப்பன் மறைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன் வெறும் சந்தேகமாக இருந்த வழக்கு, அவர் எழுதிக் கொடுத்த கடதாசியால் கனம் பெற்றது. அடுத்த வாரம் விவேகானந்தனைத் தெற்குக்குக் கொண்டு போனார்கள்.

மறு ஆண்டு வைகாசியில் போர் முடிந்ததென்று கண்டித் தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். வீதியோரத்தில் மேசை போட்டுப் போவோர் வருவோருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். முகாமிலிருந்து எவரும் வரவில்லை. வெடிச்சத்தம் ஓய்ந்த ஒரு பிற்பகலில், றவூப் ஓட்டோவில் வந்து குண்டசாலை வீட்டு வாசலில் இறங்கினான். கைகளில் அந்த மூலைக் கணினி.

"கடைய விக்கிறேன், மாஸ்டர். மத்ததெல்லாம் குடுத்துட்டேன். இதக் குடுக்க மனசு வரல்ல."

அவனே சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்தி, எப்படி ஓடவிடுவது என்று காட்டிக் கொடுத்தான். தேநீர் குடிக்கவில்லை. கைரியா அக்குறணையில் சுகமாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னான். அதையும் கேட்காமலே சொன்னான்.

அவன் போன பிறகு பத்மாதேவி கைகளைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் இருந்தாள். தீப்பந்தத்துடன் சிறு மனிதன் ஓடத் தொடங்கினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் வந்தபோது இராஜரத்தினம் சொன்னார்: "இதிலையிருந்துதான் பிள்ளை."

"அப்ப இவ்வளவு நேரமும் ஓடினது ஆர்?"

கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனை என்று எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ சாவுச் சேதியை அவர் வாசித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு நாளும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"றவூப்பின்ரை மகள்."

பத்மாதேவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளை கண்டவளோ?"

"கண்டவள்."

"வந்து சொல்லுறன் எண்டவளோ?"

"இந்த வாசலுக்கே வந்தவள்."

அவர் அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் நல்லது என்று இருந்தது. பத்மாதேவி கத்தவில்லை. தீப்பந்தக்காரன் கடைசிப் பள்ளத்தைத் தாண்டி நின்றான், மத்தளம் நின்றது, றவூப் என்ற பெயர் திரையில் வந்தது. அவள் நெடுநேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றாள். "அந்த முன்பாதி எனக்கு வேண்டாம். பிள்ளை வாற இடத்திலையிருந்து போடுங்கோ."

"இது இடையிலையிருந்து ஓடாது, பத்மா. முதலிலையிருந்துதான் ஓடும்."

அவர் விரலால் அந்த ஒரே சாவியைத் தட்டினார். மத்தளம் தொடங்கியது. அளவுகோல் வைத்ததுபோன்ற அந்த நான்கு நிமிடத்துக்கும் இருவரும் அசையாமல் இருந்தார்கள்.